வாசலை மட்டும் பார்க்கும் கண்

இங்கிலாந்தில் கார் ஓட்டும் உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பலருக்கும் வந்திருக்கும். உறையைப் பிரித்தால் ஒற்றைத் தாள், அதில் இரண்டு படங்கள். ஒன்றில் காரின் முன்பக்கம், மற்றதில் பின்பக்கம். படங்கள் பெரும்பாலும் இருட்டாக இருக்கும். கார் இருந்த இடத்தில் கரிய நிழலும், நடுவே விளக்கேற்றி வைத்ததுபோல் பளிச்சென்று எண் பலகையும் தெரியும். படங்களுக்குக் கீழே மணி, நிமிடம், நொடி. கடைசியில் ஒரு வாக்கியம்: உங்கள் வாகனம் அனுமதித்த நேரத்தைத் தாண்டி நிறுத்தப்பட்டிருந்தது, 100 பவுண்டு செலுத்த வேண்டும், 14 நாளுக்குள் செலுத்தினால் 60 போதும்.

தாளை இன்னொரு முறை பாருங்கள். ‘நிறுத்தப்பட்டிருந்தது’ என்று எழுதியிருக்கிறது. நிற்கும் கார் எந்தப் படத்திலும் இல்லை. முதல் படத்தில் கார் உள்ளே வருகிறது, இரண்டாவதில் வெளியே போகிறது. இரண்டிலும் சக்கரம் உருண்டுகொண்டிருக்கிறது. இடையில் இடம் தேடி நான்கு சுற்றுச் சுற்றியதையும், பணம் கட்டும் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றதையும், வெளியேற முடியாமல் பத்து நிமிடம் காத்துக் கிடந்ததையும் கேமரா பார்க்கவில்லை. அது பார்த்தது வாசலை மட்டும்தான். ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்தைக் கழித்து, வந்த விடைக்கு ‘பார்க்கிங்’ என்று பெயர் சூட்டியவர்கள் மனிதர்கள்.

இந்த அத்தியாயம் அந்தக் கழித்தல் கணக்கைப் பற்றியது. கணக்கில் இருக்கும் இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால்தான் விடையை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

எண் பலகையைத் தானே வாசிக்கும் கேமரா பிறந்ததும் பிரிட்டனில்தான். அந்நாட்டுக் காவல்துறைக்கான அறிவியல் ஆய்வுப் பிரிவு 1976இல் இதை உருவாக்கியது. 1981இல் ஒரு திருட்டுக் காரை இது கண்டுபிடித்துக் கொடுத்து, முதல் கைது நடந்தது. 1993 ஏப்ரலில் லண்டனின் பிஷப்ஸ்கேட் வீதியில் ஐரிஷ் குடியரசுப் படை வெடிக்கச் செய்த குண்டுக்குப் பிறகு, நகரின் நிதி மையத்தைச் சுற்றிச் சோதனைச் சாவடிகளும் கேமராக்களுமாக ஒரு வளையம் எழுந்தது. 2003 பிப்ரவரியில் மத்திய லண்டனுக்குள் நுழையும் கார்களிடம் நெரிசல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியபோது, கணக்கு வைத்ததும் இதே கேமராதான். குற்றவாளியைத் தேடப் பிறந்த கருவி காலப்போக்கில் விலை குறைந்து, சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் இருக்கும் பார்க்கிங் கம்பத்தில் ஏறி உட்கார்ந்தது. வேலை மாறியபோது கேள்வியும் மாறியது. காவல்துறை கேட்டது, ‘இந்த வண்டி இங்கே வந்ததா?’ என்று. பார்க்கிங் நிறுவனம் கேட்பது, ‘இந்த வண்டி எவ்வளவு நேரம் இருந்தது?’ என்று. முதல் கேள்விக்கு ஒருமுறை சரியாக வாசித்தால் போதும். இரண்டாவதற்கு ஒரு வாசிப்பையும் தவறவிடக் கூடாது. பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இந்த வேறுபாடுதான்.

முதலில் அந்தப் பளிச்சிடும் பலகை. இன்று இரவு ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தெருவில் நிற்கும் புதிய கார் ஒன்றின் எண் பலகைக்கு நேரே பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கைபேசியின் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பலகைமேல் அடியுங்கள். பலகை தானே ஒளிர்வதுபோல் ஜொலிக்கும். இப்போது டார்ச் பிடித்த கையை மட்டும் மெல்லப் பக்கவாட்டில் நீட்டுங்கள். வெளிச்சம் பலகைமேல் அப்படியேதான் விழுகிறது, ஆனால் ஜொலிப்பு போய்விடும்.

காரணம், அந்தப் பலகை ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. சுவர் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் இறைக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒரு பக்கமிருந்து வந்த ஒளியை மறுபக்கம் தள்ளும். எண் பலகையின் மேல்தாளில் பதிந்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் அப்படிச் செய்வதில்லை. மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து பின்சுவரில் குவிந்து, அங்கே பட்டுத் திரும்பி, மறுபடி வளைந்து, எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகிறது. சில வகைத் தாள்களில் மணிக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட நுண் மூலைகள் இருக்கும். 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பானும் இந்த மூலைத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி இன்றும் அதில் பட்டுத் திரும்பி வருகிறது.

பார்க்கிங் கேமரா செய்வது நீங்கள் டார்ச்சைக் கன்னத்தோடு வைத்துச் செய்ததையேதான். லென்ஸுக்கு அருகிலேயே சிறு எல்.இ.டி. விளக்குகள் இருக்கும். அவை உமிழ்வது அகச்சிவப்பு ஒளி, பெரும்பாலும் 850 நானோமீட்டர் அளவில். நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டரோடு நின்றுவிடுவதால் ஓட்டுநருக்குக் கண் கூசாது. லென்ஸின் முன்னே அந்த அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி இருக்கும். ஹெட்லைட்டின் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதில் அடங்கிவிடும். பலகையின் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு எழுத்து அனுப்பாது. காரின் உடல், மரம், மனிதர் எல்லாம் இருளில் மூழ்க, வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து மட்டும் மிஞ்சும். கடிதத்தில் இருக்கும் படம் கரியாக இருப்பது இதனால்தான். வாசிக்க மிக உகந்த படம் அது. ஆனால் அதே காரணத்தால், அது மற்ற எதையும் காட்டாத படமும்கூட. சுற்றிலும் என்ன நடந்தது என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

கூர்மை போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் காரின் எண் பலகை வழக்கமாக 520 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொரு எழுத்தும் 79 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம், கோட்டின் தடிமன் 14 மில்லிமீட்டர் என்று சட்டமே அளந்து வைத்திருக்கிறது. மூன்றரை மீட்டர் அகல வழியைக் கேமரா 1920 பிக்சல்களில் படம் பிடிக்கிறது என்றால், ஓர் எழுத்தின் அகலத்துக்கு 27 பிக்சல்கள் கிடைக்கும், கோட்டின் தடிமனுக்கு ஏழெட்டு. தாராளமாகப் போதும். அடுத்தது வேகம். மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. ஷட்டர் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால் கார் நகர்வது ஐந்தரை மில்லிமீட்டர்தான், கோட்டின் தடிமனில் பாதிகூட இல்லை. ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால் 11 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். லென்ஸை நோக்கி நேராக வரும் காரில் இந்த நகர்வு படத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கம்பம் வழக்கமாக ஓரத்தில், உயரத்தில் இருப்பதால் ஒரு பகுதி இழுபடும். எல்.இ.டி. வெளிச்சத்தை ஒரு நொடித் துணுக்குக்குள் அவ்வளவு வலுவாகக் கொட்டுவது, ஷட்டரைச் சட்டென்று மூடிவிட முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

படம் கிடைத்த பிறகு வாசிப்பு. பழைய முறையில் மென்பொருள் முதலில் நெருக்கமான நேர்கோடுகள் கூடியிருக்கும் செவ்வகத்தைத் தேடும், சாய்ந்திருந்தால் நிமிர்த்தும், எழுத்துகளைத் தனித்தனியே வெட்டும், ஒவ்வொன்றையும் தன்னிடமிருக்கும் அச்சோடு ஒப்பிடும். இன்று ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலைப்பின்னல்கள் அந்த வேலையை ஒரே மூச்சில் செய்கின்றன. எந்த முறையானாலும் விடை ஒரு நிகழ்தகவாகத்தான் வரும். ‘இது 8ஆக இருக்க நூற்றுக்கு 93 வாய்ப்பு, பி என்ற எழுத்தாக இருக்க 6’ என்று இயந்திரம் தனக்குள் வைத்திருக்கும். வெளியே வரும்போது சந்தேகம் உதிர்ந்துவிடும், 8 மட்டும் நிற்கும். கடிதத்தில் அச்சாகும் எண்ணைப் பார்த்து, இயந்திரம் தயங்கித் தேர்ந்ததா தயங்காமல் தேர்ந்ததா என்று யாரும் அறிய முடியாது.

தயங்கும் இடங்களில் இலக்கணம் உதவும். 2001 செப்டம்பர் முதல் பிரிட்டனில் வழங்கும் எண்கள் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து என்ற ஒழுங்கில் வருகின்றன. அந்தப் பலகைகளின் எழுத்துருவில் சுழியமும் ஓ என்ற எழுத்தும் ஒரே வடிவம், 1 என்ற இலக்கமும் ஐ என்ற எழுத்தும் ஒரே வடிவம். மனிதக் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. மூன்றாவது இடத்தில் நின்றால் இலக்கம், முதலிடத்தில் நின்றால் எழுத்து என்று இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 2001க்கு முந்தைய எண்களும், விலை கொடுத்து வாங்கும் ஆசை எண்களும் வேறு ஒழுங்கில் இருக்கும். அங்கே இலக்கணம் காலை வாரும்.

(நம் ஊருக்கும் இது பொருந்தும். மத்திய மோட்டார் வாகன விதிப்படி காரின் எண் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் இருக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம். அதற்கு முன் வந்த வண்டிகளில் சாய்வெழுத்தும் அலங்கார எழுத்தும் பலகையின் ஓரத்தில் பெயரும் எழுதிக்கொண்டவர்கள், கேமரா தங்களை வாசிக்காது என்று நினைத்தால் தவறு. அது வாசிக்கும், வேறொருவர் எண்ணாக. தண்டம் போகும் வீடு இன்னொருவருடையது.)

இலக்கணம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு சம்பவம். 2021இல் இங்கிலாந்தின் பாத் நகரில், பேருந்துகளுக்கு ஒதுக்கிய பாதை ஒன்றில் ஒரு பெண் நடந்துபோனார். ‘நிட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் அச்சிட்ட மேலாடை அணிந்திருந்தார். பின்னல் வேலை செய்பவர் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு ஏழு எழுத்து, பிரிட்டன் எண் பலகைக்கும் ஏழு. அவர் தோளில் தொங்கிய கைப்பையின் வார் நடுவில் ஓர் எழுத்தைப் பாதி மறைத்திருந்தது. கேமரா அந்த மேலாடையை எண் பலகையாக வாசித்தது. ஐ என்ற எழுத்து 1 ஆனது, வாருக்குள் புதைந்த எழுத்தும் இலக்கமானது. வெகு தொலைவில், வேறொரு மாவட்டத்தில், அப்படி ஓர் எண் கொண்ட வண்டி உண்மையிலேயே இருந்தது. அதன் உரிமையாளருக்குத் தண்டத்தாள் போனது. இணைத்திருந்த படத்தில் வண்டி இல்லை, நடந்துபோகும் பெண்தான் இருந்தார். அந்த வீட்டார் சிரித்துவிட்டுத் தொலைபேசியில் சொல்ல, தண்டம் ரத்தானது.

இது மாநகராட்சிக் கேமரா, தனியார் பார்க்கிங் அல்ல. ஆனாலும் இங்கே எழுதக் காரணம் உண்டு. அந்தப் படத்தை ஒரு மனிதர் ஒரு நொடி பார்த்திருந்தாலும் கடிதம் போயிருக்காது. பிழை அப்பட்டமாகத் தெரிந்ததால் எளிதில் நீங்கியது. தனியார் பார்க்கிங்கில் நடக்கும் பிழை அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. படமும் சரி, எண்ணும் சரி, நேரமும் சரி, முடிவு மட்டும் பொய் என்ற நிலை அங்கே வரும்.

எப்படி என்று பார்ப்போம். ஒரு தாய் காலை 9:10க்குக் கடைவளாகத்துக்குள் நுழைகிறார். பால், ரொட்டி வாங்கிக்கொண்டு 9:25க்கு வெளியேறுகிறார். அவருக்குப் பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டே வந்து பின் பலகையை மறைத்துவிடுகிறது. கேமரா அவரைத் தவறவிடுகிறது. மாலை 5:05க்குப் பிள்ளைகளோடு மறுபடி வருகிறார். இப்போது மழை, முன் பலகையில் சேறு, அதையும் கேமரா தவறவிடுகிறது. 5:20க்கு வெளியே போகும்போது தெளிவாகப் படம் பிடிக்கிறது. இயந்திரத்திடம் இப்போது இருப்பவை இரண்டே பதிவுகள்: உள்ளே 9:10, வெளியே 5:20. கழித்துப் பார்த்தால் 8 மணி 10 நிமிடம். இரண்டு படங்களும் உண்மையானவை, நேரமுத்திரை துல்லியமானது. ஆனால் அந்தக் கார் அந்த எட்டு மணி நேரத்தின் பெரும்பகுதியும் ஏழு கிலோமீட்டர் தள்ளி அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தது.

இதை ‘இரட்டை வருகைப் பிழை’ எனலாம். இது எவ்வளவு அரிது? நூறு முறை கடந்தால் 98 முறை சரியாக வாசிக்கும் கேமரா என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு முறை வந்துபோகும் காருக்கு, நடுவிலிருக்கும் இரண்டு வாசிப்புகளும் தவறும் வாய்ப்பு 0.02 பெருக்கல் 0.02, அதாவது பத்தாயிரத்துக்கு நான்கு. அப்படி இரண்டு முறை வரும் கார்கள் அந்த வளாகத்துக்கு நாளொன்றுக்கு 200 என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 29 பேர் செய்யாத தவறுக்குக் கடிதம் பெறுவார்கள். ஒரே ஒரு வளாகத்தில்.

உண்மையில் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்பது என் கருத்து. பெருக்கல் கணக்கு ஒரு தவறுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் தொடர்பு உண்டு. எழுத்தின்மேல் விழுந்த திருகாணி காலையிலும் அங்கேதான், மாலையிலும் அங்கேதான். இழுவைக் கொக்கி பின் பலகையை மறைத்தால் எப்போதும் மறைக்கும். காலையில் வாசிக்கத் தவறிய பலகையை மாலையிலும் வாசிக்கத் தவறுவது, புதிதாக ஒரு பலகையைத் தவறவிடுவதைவிட எளிது. பிழைகள் எல்லாக் கார்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. சில கார்கள் மீண்டும் மீண்டும் அகப்படும்.

இதைத் தடுப்பது கடினமும் அல்ல. பிழை நடந்த நாளின் எல்லாப் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தால், ஓரெழுத்து மாறிய எண் ஒன்று 9:25க்கு வெளியேறியதாகவும், அதற்கு உள்நுழைவே இல்லாததாகவும் தெரியவரலாம். அனாதையாக நிற்கும் அந்தப் பதிவுதான் தாயின் சாட்சி. யாராவது தேடினால் மட்டுமே அது கிடைக்கும்.

* * *

இனி அந்தத் தாளுக்குப் பின்னால் நிற்கும் சட்டம். ஒரு காலத்தில் பிரிட்டனில் தனியார் நிலத்தில் தவறாக நிறுத்திய காரின் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, கையில் பணம் வாங்கிக்கொண்டுதான் திறப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் 1 முதல் அது தடைசெய்யப்பட்டது. தடைசெய்த அதே சட்டம் நிறுவனங்களுக்கு வேறொரு கதவைத் திறந்தது. யார் ஓட்டினார் என்று தெரியாவிட்டால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பதிவேட்டில் இருக்கும் வண்டிக்காரரிடமே பணம் கேட்கலாம் என்றது. அந்தப் பெயரும் முகவரியும் அரசின் ஓட்டுநர், வாகன உரிம முகமையிடம் இருக்கும். தகவல் ஒன்றுக்கு இரண்டரை பவுண்டு கட்டினால் கொடுத்துவிடும். கேமராவும் இந்தச் சட்டமும் சேர்ந்ததும் எண்ணிக்கை பெருகியது. 2023-24இல் மட்டும் பார்க்கிங் நிறுவனங்கள் 1 கோடியே 28 லட்சம் முறை அந்தப் பதிவேட்டைக் கேட்டன.

கவனியுங்கள், இது அபராதம் அல்ல. அபராதம் விதிக்கத் தனியார் நிறுவனத்துக்கு உரிமை இல்லை. வளாகத்தில் நட்டிருக்கும் பலகையே ஒப்பந்தம், உள்ளே வந்து நிறுத்துவது அதற்குச் சம்மதம், நேரம் தாண்டினால் ஒப்புக்கொண்ட தொகை. இதுதான் வாதம். இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எசெக்ஸ் மாவட்டத்தின் செம்ஸ்ஃபோர்ட் நகரில் ரிவர்சைடு என்ற கடைவளாகம். இரண்டு மணி நேரம் இலவசம். 2013 ஏப்ரலில் ஒருவர் அங்கே 56 நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டார். பார்க்கிங்ஐ என்ற நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. 56 நிமிடத்தில் நிறுவனத்துக்கு அவ்வளவு நஷ்டம் என்ன வந்தது, இது தண்டனைத் தொகை, செல்லாது என்றார் அவர். 2015 நவம்பர் 4இல் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம் நின்றார்கள். வளாகத்தின் இடம் சுழற்சியில் பலருக்கும் கிடைக்க வேண்டும், அதைக் காப்பதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை இருக்கிறது, 85 பவுண்டு மிதமிஞ்சியது அல்ல, பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்றார்கள். டோல்சன் பிரபு மட்டும் மாறுபட்டார்.

பெரும்பான்மைத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ரயில் நிலையத்துக்கு அருகே இலவச இடம் இருந்தால், காலையில் காரை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களால் அது நிரம்பிவிடும். மருந்து வாங்க வரும் முதியவருக்கு இடம் இருக்காது. விதி வேண்டும், விதியைக் காக்க ஏதோ ஒரு வழியும் வேண்டும். சக்கரப் பூட்டைவிடக் கேமரா மேலானது.

ஆனால் அந்த வழக்கில் ஒன்று விவாதிக்கப்படவே இல்லை. அவர் 56 நிமிடம் கூடுதலாக இருந்தாரா என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நீதிமன்றம் தொகையை ஆராய்ந்தது, வாசிப்பை ஆராயவில்லை. கேமரா சொன்னதெல்லாம் மெய் என்று உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியதாக எடுத்துக்கொள்வது தவறு.

வாசலுக்கும் நிறுத்தத்துக்கும் இடையிலான இடைவெளி எப்படி மனிதரைக் கடிக்கும் என்பதை டெர்பி நகரத்து வழக்கு ஒன்று காட்டியது. அந்தப் பார்க்கிங்கில் நுழைந்த ஐந்து நிமிடத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்று விதி. கைபேசியில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடத்துக்குமேல் ஆனது. பலமுறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். ஆனாலும் கேமராவின் கடிகாரம் அவர் வாசலைக் கடந்த நொடியிலேயே ஓடத் தொடங்கியிருந்தது. கடைசியில் ஏறத்தாழ 1,900 பவுண்டு கேட்டு வழக்கு. செய்தி பரவி, எதிர்ப்பு எழுந்து, நிறுவனம் பின்வாங்கியது. 2025 பிப்ரவரியில் பார்க்கிங் சங்கங்கள் தங்கள் நடத்தை விதியைத் திருத்தின. கேமரா இருக்கும் இடத்தில் வெளியேறுவதற்குள் முழுப் பணமும் கட்டியவரிடம் தாமதத்துக்காக இனி கேட்கக் கூடாது என்றன.

அந்த விதித்தொகுப்பில் வேறு நல்ல அம்சங்களும் இருக்கின்றன. நேரம் முடிந்த பின் 10 நிமிடச் சலுகை உண்டு. இயந்திரத்தில் எண்ணை அடிக்கும்போது ஓரெழுத்து தவறினால் கட்டணத்தை ரத்துசெய்ய வேண்டும். அனுப்பும் முன் ஒரு மனிதர் சரிபார்க்க வேண்டும். ஆனால் இதை எழுதியவர்கள் அந்தத் தொழிலின் சங்கங்களே. அரசே விதி வகுக்க நாடாளுமன்றம் 2019இல் சட்டம் இயற்றியது. 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அரசு விதிகள், நிறுவனங்கள் நீதிமன்றம் போனதும் ஜூனில் திரும்பப் பெறப்பட்டன. 2025 ஜூலையில் அரசு மறுபடி கருத்துக் கேட்டது. சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் கழித்தும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். கடிதத்தில் இரண்டு படம் மட்டும் வைத்தால் போதாது. அன்றைக்கு அந்த எண்ணோடும், அதிலிருந்து ஓரெழுத்து மட்டும் மாறிய எண்களோடும் கேமரா பதிந்த அத்தனை வருகையையும் போக்கையும் அச்சிட்டு வைக்க வேண்டும். தகவல் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, கூடுதல் செலவு மை மட்டுமே. அதைப் பார்த்த நொடியில் இரட்டை வருகைப் பிழைகள் பலவும் தானே வெளிப்பட்டுவிடும். இன்று அந்தச் சுமை முழுவதும் கடிதம் பெற்றவர் தலையில் இருக்கிறது. காலையில் வீட்டில்தான் இருந்தேன் என்பதற்கு அவர்தான் கடை ரசீதும் வங்கிக் கணக்கும் தேட வேண்டியிருக்கிறது. பலர் தேடுவதில்லை, 60 பவுண்டைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கட்டியவர்களில் எத்தனை பேர் தவறே செய்யாதவர்கள் என்று எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடிதம் வந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள், குப்பையில் போட்டுவிடவும் செய்யாதீர்கள். கேமரா மட்டுமே சாட்சி என்றால், நிகழ்வு நடந்த 14 நாளுக்குள் கடிதம் வந்து சேர்ந்ததா என்று தேதியை எண்ணிப் பாருங்கள். சேரவில்லையென்றால், ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது வண்டிக்காரர் என்ற முறையில் உங்களிடம் கேட்கச் சட்டம் இடம் கொடுக்காது. அன்று இரண்டு முறை போனீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பிறகு நிறுவனத்துக்கு எழுதி, உங்கள் வண்டியைப் பற்றி அன்று பதிந்த எல்லாத் தகவலையும் கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குக் கட்டணம் கிடையாது, ஒரு மாதத்துக்குள் அவர்கள் கொடுத்தாக வேண்டும்.